மீஞ்சூருக்கு நடக்கத் தெரியும்

சென்னையைச் சுற்றித் துணை நகரங்கள் வரப்போகின்றன என்று 2022இல் அறிவித்தார்கள். செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர், திருமழிசை, மாமல்லபுரம் ஆகியவற்றோடு மீஞ்சூரும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. அன்றிலிருந்து எங்கே பேச்சு எழுந்தாலும் மூன்று சொற்கள் கூடவே வருகின்றன: வாக்கபிள், மிக்ஸட் யூஸ், பசுமைவெளி. வீட்டிலிருந்து வேலைக்கும் கடைக்கும் பள்ளிக்கும் நடந்தே போகலாம். நடுவில் பெரிய பூங்கா. யாருக்குக் கசக்கும்? எனக்கும் அந்த ஆசை உண்டு. அது காலி நிலத்தில் புதுசா கட்டித்தான் கிடைக்கும் என்ற நம்பிக்கையோடுதான் என் சண்டை.

ஏகாம்பரநாதரும் வரதராஜப் பெருமாளும் ஒரே ஊரில் இருப்பதால் மீஞ்சூரை வடகாஞ்சி என்பார்கள். கோயில், அதைச் சுற்றித் தெரு, கடைக்கு மேலே வீடு, நடக்கும் தூரத்தில் கூடூர் மார்க்கத்து ரயில் நிலையம். நகரமைப்பு நிபுணர்கள் மிக்ஸட் யூஸ் என்று சொல்வதை நாம் கடைத்தெரு என்று சொல்லிக்கொண்டிருந்தோம், அவ்வளவுதான்.

அப்புறம் ஏன் இங்கே நடக்க முடியவில்லை? எண்ணூரில் 2001இல் துறைமுகம் திறந்தது. பிறகு காட்டுப்பள்ளித் துறைமுகம் வந்தது. அத்திப்பட்டு, வல்லூர் பக்கம் அனல் மின்நிலையங்கள். வண்டலூரில் தொடங்கும் 62 கிலோமீட்டர் வெளிவட்டச் சாலை முடிவதும் மீஞ்சூரில்தான். இவை எல்லாமே வரைபடம் போட்டு, கையெழுத்து வாங்கிச் செய்த வேலைகள். கன்டெய்னர் லாரி எங்கே திரும்பும் என்று யோசித்த அளவுக்கு, சைக்கிளில் டியூஷன் போகும் பிள்ளை எங்கே ரோட்டைக் கடக்கும் என்று யாரும் யோசிக்கவில்லை. திட்டம் போட்டுத்தான் இந்த ஊரின் நடையைக் கெடுத்தோம். இப்போது இன்னொரு திட்டம் வந்து, அந்த நடையையே விலைக்குத் தருகிறேன் என்கிறது.

சாஃப்ட்வேர் தொழிலில் ஒரு வியாதி உண்டு. பழைய கோடைப் பார்த்ததும், "இதெல்லாம் குப்பை, முதல்ல இருந்து எழுதிடலாம்" என்று ஒருத்தர் கிளம்புவார். அந்தக் குப்பையில் உள்ள ஒவ்வொரு கோணலான வரியும் எப்போதோ யாரோ நடுராத்திரியில் சரிசெய்த ஒரு சிக்கல் என்பது, புதுசு உடைந்த பிறகுதான் தெரியவரும். ஊரும் அப்படித்தான். தெரு வளைகிறது என்றால் அங்கே ஏரிக்கரை இருந்திருக்கும்.

இதைச் சொன்ன முதல் ஆள் நானில்லை. 1914இல் பேட்ரிக் கெடிஸ் என்ற ஸ்காட்லாந்துக்காரர் சென்னைக்கு வந்தார். அவருடைய கண்காட்சிப் பொருட்களை ஏற்றிவந்த கப்பலை எம்டன் மூழ்கடித்துவிட்டது. ஆனாலும் அவர் மாகாணத்தின் ஊர்களைச் சுற்றி 1915இல் அறிக்கைகள் எழுதினார். அவர் வழிமுறை எளிமையானது: முதலில் தெருத்தெருவாக நட, இடித்தே ஆகவேண்டியதை மட்டும் இடி, கிடைத்த சின்ன இடத்தில் மரம் வை. நூறு வருடம் தாண்டியும் நாம் டிரோன் படத்திலிருந்துதான் தொடங்குகிறோம்.

பூங்கா நகரம் என்றதும் எல்லோரும் எபனேசர் ஹோவர்டைக் கும்பிடுகிறார்கள். அவர் புத்தகம் 1898இல் வந்தது. லெட்ச்வொர்த் நகரம் 1903இல் தொடங்கியது. அவருடைய படத்தை எடுத்துக்கொண்ட நாம் கணக்கை விட்டுவிட்டோம். நிலம் ஊருக்குப் பொதுவாக இருக்கும். அதன் மதிப்பு ஏறினால் அந்தப் பணம் ஊருக்கே திரும்பும். ஹோவர்டின் மூளை அந்தக் கணக்கில்தான் இருக்கிறது. நம் ஊரில் அறிவிப்பு வந்தாலே பிளாட் விலை ஏறிவிடும், ஒரு மரம்கூட நடும் முன்னாலேயே. லாபம் பிளாட் போட்டவருக்கு. அந்த 'வாக்கபிள்' தெருவில் வாடகை கட்ட முடியாமல் பத்து கிலோமீட்டர் தள்ளிப்போகும் காஸ் ஏஜென்சிப் பையன் பைக் வாங்கியே ஆகவேண்டும்.

பசுமைவெளிக்கு வருவோம். 2019ஆம் ஆண்டு கட்டட விதிகளின்படி, 3,000 சதுர மீட்டருக்கு மேல் மனைப்பிரிவு போட்டால் 10 சதவீதம் திறந்தவெளி விடவேண்டும். 10,000 சதுர மீட்டர் வரை அதற்குப் பதில் பணம் கட்டியும் தப்பிக்கலாம். இந்த விதி தருவது துண்டு துண்டான இடங்களை. ஒவ்வொன்றிலும் ஒரு சறுக்குமரம், ஒரு பூட்டு. மீஞ்சூருக்குத் தேவையான பூங்காவைத் தண்ணீர் ஏற்கெனவே வரைந்து வைத்திருக்கிறது. பல பத்தாண்டுகள் இந்தப் பகுதிக் கிணறுகள் சென்னைக்கும் தொழிற்சாலைகளுக்கும் நீர் கொடுத்தன. உறிஞ்சிய இடத்தில் கடல் நுழைந்தது. நிலத்தடி நீர் உப்பாகிப்போன ஊரின் பெயரில்தான், 2010இல் தினம் 10 கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை திறந்தார்கள். பக்கத்து மணலி புதுநகரும் திட்டமிட்டுக் கட்டிய நகரம்தான். 2021இல் பூண்டி திறந்து கொசஸ்தலை ஆறு பெருகியபோது, வீட்டுக்குள் தண்ணீர் வந்தது. எனவே ஆற்றங்கரைகளும் ஏரிகளும் வெள்ளம் பரவும் தாழ்வுகளுமே பூங்காவாகட்டும். மழைக்காலத்தில் அது தண்ணீருக்கு, மற்ற நாளில் நமக்கு.

"சரிப்பா, துறைமுகத்துக்கும் ஆலைகளுக்கும் ஆட்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள், பழைய ஊர் தாங்குமா?" நியாயமான கேள்வி. தாங்காது, புதிய வீடுகள் வேண்டும். ஆனால் எந்த மாதிரி? 2024இல் வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர்களுக்கான விடுதி வளாகம் திறக்கப்பட்டது. படுக்க நல்ல இடம் கிடைப்பது பெரிய விஷயம், குறை சொல்லமாட்டேன். ஆனால் ஷிப்ட் முடிந்து திரும்பும் ஒரு பெண்ணுக்கு டீக்கடையும் தையல்கடையும் நூலகமும் வேண்டும், பெஞ்சில் சும்மா உட்கார ஒரு இடமும் வேண்டும். அதெல்லாம் சேர்ந்தால்தான் ஊர். பழைய கடைத்தெருவை ஒட்டி, மூன்று நான்கு மாடியில், அரசே கட்டி வாடகைக்கு விடும் வீடுகளைக் கேட்போம்.

வரிசை முக்கியம். முதலில் லாரிகளுக்கு ஊருக்கு வெளியே வழி. இரண்டாவது, நிலையத்திலிருந்து கடைத்தெரு வரை இரண்டு பேர் சேர்ந்து நடக்கும் அகலத்தில் நிழலுள்ள நடைபாதை. மூன்றாவது, நீர்நிலைகளின் எல்லைக்கல். நான்காவது, வாடகை வீடு. இந்த நான்கும் முடிந்த பிறகு புதுநகரத்தின் படத்தைக் கொண்டுவாருங்கள், உட்கார்ந்து பார்க்கலாம். இருக்கிற ஊரில் 500 மீட்டர் நடைபாதை போட முடியாத நிர்வாகம், இல்லாத ஊரில் போட்டுத்தரும் என்று சொன்னால் நான் நம்பத் தயாரில்லை.