பிரம்பு வேண்டாம், இரவில் விழித்திருக்க ஆள் வேண்டும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அடங்காத பையன்களைத் திருத்த வாத்தியார் கையில் மறுபடியும் பிரம்பைக் கொடுக்க வேண்டும், அதுவும் பலிக்காவிட்டால் கண்டிப்பான கிறிஸ்தவ ஹாஸ்டலில் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும் என்று உங்கள் கடிதப் பகுதியில் வாசகர்கள் எழுதி வருகிறார்கள். அப்படிப்பட்ட ஒரு மிஷன் போர்டிங்கில், ஜவ்வாது மலையில், 19 ஆண்டுகள் வார்டனாக இருந்தவன் நான். இந்தக் கோரிக்கையை வன்மையாக மறுக்கிறேன்.

ஜூன் மாதம் அட்மிஷனுக்கு வரும் பெற்றோர் பலர் சொல்லும் வாசகம் எனக்கு மனப்பாடம். "கண்ணை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சிடுங்க சார்." அதைச் சொல்லும்போது பையன் டிரங்குப் பெட்டியைப் பிடித்தபடி பக்கத்திலேயே நின்றுகொண்டிருப்பான். தன்னைப் படிக்க வைக்கவில்லை, தண்டனைக்கு விட்டுப் போகிறார்கள் என்று அந்த நிமிடமே அவனுக்குப் புரிந்துவிடும். அதற்குப் பிறகு அவன் செய்யும் சேட்டையில் பாதி அந்த வாசகத்துக்கு அவன் சொல்லும் பதில்தான்.

மலைப் பிள்ளைகளின் கதை வேறு. அப்பா அம்மா இருவரும் கூலி வேலைக்கு வெளியூர் போய்விட, பாட்டியிடம் வளர்பவர்கள் அவர்கள். செம்மரம் வெட்டப் போன தகப்பன் ஆந்திரச் சிறையில் இருப்பான். 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்டியதாகச் சொல்லி ஆந்திரப் போலீஸார் சுட்டதில் இறந்த 20 பேரில் பெரும்பாலோர் திருவண்ணாமலை, தருமபுரி மாவட்ட ஊர்க்காரர்கள் என்பதை வாசகர்கள் மறந்திருக்கலாம். எங்கள் ஹாஸ்டலில் அதை யாராலும் மறக்க முடியவில்லை.

எட்டாம் வகுப்புப் பையன் ஒருவனைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஜன்னல் கண்ணாடியைக் கல்லெறிந்து உடைப்பான். சின்னப் பிள்ளைகளை அடிப்பான். இரண்டு முறை மலைப்பாதையில் இறங்கி ஓடிப் பிடிபட்டான். ஒருநாள் நானே அவனை அடித்தேன். அவன் அழவில்லை. நான்தான் அன்றிரவு தூங்கவில்லை. விடிகாலை நாலு மணிக்குத் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் சத்தம் கேட்டு டார்ச்சோடு போனேன். மார்கழிக் குளிரில் அவன் தன் பாயை அலசிக்கொண்டிருந்தான். தினமும் தூக்கத்தில் பாயை நனைத்திருக்கிறான். மற்றவர்கள் எழுவதற்குள் அலசிக் காயப்போட வேண்டும். யாராவது பார்த்துச் சிரித்தால் அடி. அடிக்க முடியாத பெரிய பையன் சிரித்தால் ஜன்னலுக்குக் கல். கலாட்டாவின் காரணம் மொத்தமும் அந்த ஈரப் பாயில் இருந்தது.

அன்றிலிருந்து இரவு பத்தரைக்கு ஒரு தரம், இரண்டு மணிக்கு ஒரு தரம் அவனை எழுப்பி வெளியே கூட்டிப்போனேன். திரும்பி வரும்போது ஒவ்வொரு வார்த்தையாகப் பேசினான். தன் அப்பாவைப் போலீஸ் வேனில் ஏற்றியதை அவன் பார்த்திருக்கிறான் என்பது எனக்கு அப்படித்தான் தெரிந்தது. கல்லெறிவது நிற்க ஐந்து மாதம் ஆனது. என் அடியால் அது ஒருநாள்கூட நின்றதில்லை.

நான் சொல்ல வருவது இதுதான். பகலில் மணியடித்து வரிசையில் நிறுத்த எவராலும் முடியும். ஹாஸ்டல் பையனின் துக்கமெல்லாம் விளக்கணைத்த பிறகுதான் வெளியே வரும். அந்த நேரத்தில் 84 பையன்களுக்கு நாங்கள் இரண்டு வார்டன்கள் இருந்தோம். விடிந்தால் இருவருக்கும் வகுப்பெடுக்கும் வேலையும் உண்டு. ஆய்வுக்கு வந்த அதிகாரிகள் தீயணைப்புக் கருவியைப் பார்த்தார்கள், கழிப்பறைகளை எண்ணினார்கள், வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டார்கள். இரவில் யார் விழித்திருக்கிறார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை.

அடிப்பதைத் தடைசெய்யும் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு 2010 முதல் அமலில் இருக்கிறது. ஆனால் 2014ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பின்படி அந்தச் சட்டம் சிறுபான்மைப் பள்ளிகளைக் கட்டுப்படுத்தாது. கிறிஸ்தவனாகச் சொல்கிறேன், நம் பள்ளிகள் அந்த விலக்கின் பின்னால் ஒளியக் கூடாது. பைபிளின் நீதிமொழிகளில் வரும் பிரம்பைக் காட்டி அடியை நியாயப்படுத்துகிறவர்கள் 23ஆம் சங்கீதத்தையும் வாசிக்கட்டும். அங்கே மேய்ப்பனின் கோல் ஆட்டுக்குத் தேறுதல். கத்தோலிக்கப் பாதிரியார் டான் பாஸ்கோ எங்கள் சபையைச் சேர்ந்தவர் அல்லர். ஆனாலும் டூரின் நகரச் சிறைகளில் பையன்களைப் பார்த்து மனம் நொந்து, அடிப்பதைவிட உடனிருந்து தவறைத் தடுப்பதே கல்வி என்று 1877இலேயே எழுதி வைத்தவர் அவர். அது நமக்கும் பாடம்தான்.

அரசையும் சபைத் தலைவர்களையும் கேட்கிறேன். சிறார் நீதிச் சட்டத்தின் கீழ் நடக்கும் இல்லங்களுக்கு ஆலோசகரும் இல்லத் தந்தையும் வேண்டும் என்று 2016 மாதிரி விதிகள் சொல்கின்றன. மலையிலுள்ள பள்ளி விடுதிகளுக்கும் அதே அளவுகோல் வேண்டும். வாரம் ஒருநாளாவது மனநல ஆலோசகர் மலையேறி வர வேண்டும். வகுப்பெடுக்காத இரவுக் காப்பாளர் ஒருவர் கட்டாயம் இருக்க வேண்டும். நடுவருஷத்தில் டி.சி. கொடுத்து அனுப்பும் வழக்கம் ஒழிய வேண்டும். அப்படி அனுப்பப்பட்ட பையனுக்கு அடுத்த வாசல் செம்மரத் தரகனுடையது.

இன்னொன்று. எங்கள் சுவரில் 1098 என்று குழந்தைகள் உதவி எண்ணைப் பெரிதாக எழுதியிருந்தோம். பையன்களிடம் போன் கிடையாது. இருந்த ஒரே போன் ஆபீஸ் அறையில். அந்த அறை மாலை ஐந்து மணிக்குப் பூட்டப்படும். நான் இருந்த காலத்தில் அதை மாற்றாமல் விட்டது என் குற்றம். இனியாவது அந்தக் கதவு திறந்திருக்கட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விடுதி வார்டன்,
திருப்பத்தூர்.