கயிற்றைப் பிடிக்க ஆளில்லை

மாட்டுக்குக் கோமாரி ஊசி போட வருகிறார்கள் என்றால் புதுச்சேரியின் வில்லியனூர், பாகூர் பக்கத்து ஊர்களில் முதல் நாள் சாயங்காலமே தெருவுக்கெல்லாம் சேதி போய்விடும். காலையில் பாலைச் சொசைட்டியில் ஊற்றிவிட்டு வந்து, மாட்டைக் கட்டிவைத்துக் காத்திருப்போம். நடவு வேலைக்குப் போகிறவர்கூட அன்றைக்கு அரை நாள் தள்ளித்தான் போவார். யாராவது தன் மாட்டை விட்டுவிட்டால் பக்கத்து வீட்டார் சும்மா இருக்கமாட்டார்கள். ஒரு மாட்டுக்கு வந்தால் தெரு முழுக்க வரும் என்று எல்லோருக்கும் தெரியும். நாய்க்கு வெறிநோய்த் தடுப்பூசி போடுகிறோம், கூட்டிவாருங்கள் என்று சொன்னால் மட்டும் அதே நாம் காதில் வாங்கிக்கொண்டு வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம். மாடு பால் கறக்கிறது, நாய் கறக்கவில்லை. இதைத் தவிர வேறு காரணம் எதுவும் எனக்குத் தென்படவில்லை.

நம் தெரு நாய்கள் எங்கிருந்தோ வந்தவை அல்ல. பழைய சோற்றில் மீன்குழம்பை ஊற்றி வைப்பது ஒரு வீடு. மழைக்குத் திண்ணையில் படுக்க விடுவது இன்னொரு வீடு. மணி என்றோ டைகர் என்றோ பெயர் வைத்தது மூன்றாவது வீட்டுப் பிள்ளை. ராத்திரியில் மோட்டார் கொட்டகைக்குத் தனியாகப் போகும்போது அது கூட வந்தால் நமக்குத் தைரியம். புது ஆள் தெருவில் நுழைந்தால் அது குரைக்க வேண்டும். ஊசி என்று பேச்செடுத்த உடனே, அது யார் வீட்டு நாயும் இல்லை என்று ஆகிவிடுகிறது. அதே நாய் ஒரு பிள்ளையைக் கடித்துவிட்டால், தெருநாய்களைப் பிடிக்காமல் கொம்யூன் பஞ்சாயத்து என்ன செய்கிறது என்று கேட்கிறோம்.

கேட்க வேண்டிய கேள்விதான். நம் யூனியன் பிரதேசத்தில் 1968-க்குப் பிறகு 38 ஆண்டுகள் கழித்து 2006-இல்தான் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. 2011-இல் அதில் ஜெயித்தவர்களின் பதவிக்காலம் முடிந்த பிறகு, வார்டுக்கு ஒருவரைப் பிடித்து நிறுத்திக் கேட்க வழியில்லாமல் போனது. ஆனால் இதைச் சொல்லியே நம் பங்கை மறைத்துக்கொண்டோம் என்பதும் உண்மை. குரும்பாப்பேட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. மருந்துக்கும் மருத்துவருக்கும் நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை.

நாய்க்கு ஊசி போடுவதைப் பக்கத்தில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும், அது அரை நிமிட வேலை. கழுத்துக்குப் பின்னால் தளர்ந்திருக்கும் தோலை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்து, ஒரு மில்லி மருந்தைத் தோலுக்கடியில் ஏற்றுவார்கள். பல நாய்கள் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. பாடெல்லாம் அதற்கு முன்னால்தான். பிறந்ததிலிருந்து கழுத்தில் கயிறே படாத நாய், ஊசிப் பெட்டியோடு வரும் ஆளைக் கண்டதும் வேலிக்கு அந்தப்பக்கம் தாவிவிடும். வந்தவர் எவ்வளவு நேரம் துரத்துவார்? அதைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, ஒரு பிஸ்கட்டைக் காட்டி, காதுக்குப் பின்னால் சொறிந்துகொண்டே கயிற்றைப் போட தினமும் சோறு வைக்கிறவரால்தான் முடியும். அந்த நேரத்தில் நாம் வாசற்படியில் நின்று வேடிக்கை பார்த்தோம்.

பெட்டைக் குட்டிகள் விஷயத்தில் செய்தது இன்னும் மோசம். குட்டி போட்டதும் கடுவனை யாராவது எடுத்துப் போவார்கள். பெட்டைகளைச் சாக்கில் போட்டுக் கட்டி, வண்டியில் வைத்து, ஏரிக்கரையிலோ அடுத்த ஊர் எல்லையிலோ இறக்கிவிட்டு வருவோம். பாகூர் பக்கத்தில் கொஞ்ச தூரம் போனால் கடலூர் மாவட்டம் வந்துவிடும். அங்கிருப்பவர்களும் இதையே செய்கிறார்கள். ஊசி போடாத குட்டிகள் இப்படித்தான் இரண்டு பக்கமும் பரவுகின்றன.

வெறிநோயின் தன்மையை நாம் சரியாக மனசில் வாங்கவில்லை. கிருமி எச்சில் வழியாகக் காயத்தில் இறங்கி, நரம்பைப் பிடித்துக்கொண்டு மெதுவாக மூளைக்கு ஏறுகிறது. பெரும்பாலும் ஒன்றிலிருந்து மூன்று மாதம் ஆகும். அதற்குள் காயம் ஆறி, கடிபட்டதே மறந்திருக்கும். தண்ணீரைக் கண்டால் தொண்டை இறுகுகிற நிலை வந்தபின் பிழைத்தவர்கள் உலகம் முழுவதிலும் மிக மிகச் சிலர். உலகில் இந்த நோயால் சாகிறவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இந்தியாவில்தான் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. சாகிறவர்களில் பத்துக்கு நான்கு பேர் 15 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள். நாய் குதிக்கும் உயரத்தில் பெரியவர்களுக்குக் காலும் கையும் இருக்கின்றன, பிள்ளைகளுக்கு முகமே இருக்கிறது.

மனிதருக்குத்தான் ஊசி இருக்கிறதே என்று தைரியமாக இருந்தோம். 2022-இல் கேரளத்தில், பத்தனம்திட்டா மாவட்டத்தில், 12 வயதுச் சிறுமி ஒருத்தியை நாய் கண்ணுக்குப் பக்கத்தில் கடித்தது. மூன்று தவணை ஊசி போட்டும் அவள் செப்டம்பர் மாதம் இறந்துபோனாள். கடி மூளைக்கு அவ்வளவு பக்கத்தில் விழும்போது, மருந்து வேலை செய்வதற்குக் கிடைக்கும் நேரம் குறைந்துவிடுகிறது. அந்த நாய்க்கு முன்பே ஊசி போட்டிருந்தால்? இந்தக் கேள்வியை நம் தெருவில் ஒரு நாளாவது கேட்டோமா?

கடிபட்ட பிறகு செய்ததையும் சொல்லவேண்டும். குழாயடியில் 15 நிமிடம் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டிய காயத்தில் சுண்ணாம்பு தடவினோம், மிளகாய்ப்பொடி அப்பினோம், மந்திரிக்கக் கூட்டிப்போனோம். தொப்புளைச் சுற்றி ஊசி என்று பிள்ளைகளைப் பயமுறுத்தினோம். அந்தப் பழைய மருந்தை நாட்டில் நிறுத்தி 20 ஆண்டுக்கு மேல் ஆகிறது. இப்போது கையில் போடுகிறார்கள். அரசு மருத்துவமனைகளில் தோலுக்குள் போடுவது முதல் நாள், 3, 7, 28-ஆம் நாள் என்று நான்கு முறைதான். காயம் ஆழமாக இருந்தால் காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலினும் போடுவார்கள். முதல் ஊசியோடு நின்றுவிட்டு, நாய் நன்றாகத்தானே ஓடுகிறது என்று மீதியை விட்டவர்கள் நம்மில் நிறையப் பேர்.

மாட்டைப் பற்றியும் ஒன்று இருக்கிறது. வெறிநாய் மாட்டையும் கடிக்கும். கடிபட்ட மாடு சில வாரத்தில் தீவனத்தை விழுங்க முடியாமல் நிற்கும், எச்சில் ஒழுகும், குரல் மாறிக் கத்தும். தொண்டையில் ஏதோ அடைத்திருக்கிறது என்று நினைத்து வாய்க்குள் கையை விட்டுத் துழாவுவோம். அந்தக் கையில் ஒரு சின்னக் கீறல் இருந்தால் போதும். கோமாரி ஊசிக்கு அரை நாள் காத்திருந்து காப்பாற்றிய மாடு அது.

ஒரு தெருவில் பத்து நாய் இருந்தால் ஏழுக்கு ஊசி போட வேண்டும். பத்தில் ஏழு என்ற அளவைத் தாண்டினால் நோய் பரவ ஆளில்லாமல் அடங்கிப்போகும் என்பது உலகெங்கும் பார்த்து அறிந்த கணக்கு. ஆனால் ஒரு வருடம் போட்டு நிறுத்தினால் பயனில்லை, கிழ நாய்கள் சாகும், புதுக் குட்டிகள் வரும். கோவாவில் மிஷன் ரேபிஸ் அமைப்பும் அரசும் சேர்ந்து தெருத்தெருவாகப் போய் வருடா வருடம் போட்டார்கள். வீட்டு நாயைக் கையில் பிடித்தும், ஓடுகிற நாயை வலை வீசிப் பிடித்தும் போட்டார்கள். 2021-இல் அந்த மாநில அரசு, மூன்று ஆண்டுகளாக ஒரு வெறிநோய் மரணம்கூட இல்லை என்று அறிவித்தது. அங்கேயும் தெருநாய்கள் உண்டு, கொல்லவில்லை. இந்த ஊசி புதிதும் அல்ல. பிரெஞ்சு விஞ்ஞானி பாஸ்தர் முதன்முதலாக ஒரு சிறுவனுக்கு வெறிநோய் ஊசியைப் போட்டது 1885 ஜூலை 6. அன்றைக்கு நம் ஊர்கள் பிரான்சின் ஆட்சியில் இருந்தன. 140 வருடமாக மருந்து இருக்கிறது.

மழைக்காலத்தில் வைக்கோல் போருக்கடியில், கோயில் மண்டபத்தில், பள்ளிக்கூடச் சுவரோரத்தில் குட்டிகள் பிறக்கும். கார்த்திகையில் பிறந்தவற்றுக்கு மாசியில் மூன்று மாதம் நிறையும், முதல் ஊசி போட வேண்டிய வயது அதுதான். பிறகு மருத்துவர் சொல்லும் நாளில் மறு ஊசி, அதற்கப்புறம் வருடத்துக்கு ஒன்று. எந்தக் குட்டியை எந்த வீட்டார் மாட்டாஸ்பத்திரிக்குத் தூக்கிப்போவது என்று நம் தெருக்களில் இன்னும் யாரும் பேச ஆரம்பிக்கவில்லை.