மட்டந்தட்டலும் மலைநாட்டு மாணாக்கரும்

எம்மை வளர்த்த இந்துக் கல்லூரியின் விழா மலருக்குக் கட்டுரை ஒன்று வேண்டுமென மலர்க் குழுவினர் பணித்தபோது, தமிழாசிரியராகிய எம்மிடம் இலக்கியப் பொருளையே எதிர்பார்த்திருப்பர். நாமோ கணக்கைப் பற்றி எழுதத் துணிந்தோம். எண்ணையும் எழுத்தையும் இரு கண்களாக வைத்தவர் வள்ளுவர். ஒரு கண்ணின் நோயை மற்றக் கண் பாராதிருத்தல் முறையன்று. அன்றியும், அட்டன், நுவரெலியாப் பகுதித் தோட்டப் பாடசாலைகளில் தமிழாசிரியரே கணித பாடவேளையையும் ஏற்க நேர்வதுண்டு. அங்ஙனம் ஏற்றதனால் நாம் கண்டறிந்தவற்றையே இங்கு உரைக்கின்றோம்.

நிறைவெண்களுள் −7 பெரிதா, −3 பெரிதா என வகுப்பிலே வினவினால், −7 என்றே பலரும் விடையிறுப்பர். பிள்ளைகள் மீது குற்றமில்லை. 7 என்னும் எண்ணை அவர்கள் அறிவர். அதன் முன்னே நிற்கும் சிறு கோட்டை எவரும் அவர்களுக்குப் பொருள்பட உரைத்ததில்லை. 'மறை' என்னும் சொல்லோ மறைந்திருப்பது என்னும் மயக்கத்தையே தருகின்றது. இம்மயக்கத்தைத் தீர்க்கும் கருவி எண்கோடு ஆகும். நடுவே பூச்சியம், வலப்புறம் செல்லச் செல்ல எண் பெருகும், இடப்புறம் செல்லச் செல்லச் சிறுகும்.

ஆயினும் மலைநாட்டுப் பிள்ளை வலமும் இடமும் நடந்து வளர்ந்ததன்று. ஏறியும் இறங்கியும் வளர்ந்தது. ஆகவே அக்கோட்டை நிமிர்த்தி நிறுத்துதல் வேண்டும் என்பது எமது கருத்து. கடல்மட்டத்தைப் பூச்சியமாகக் கொண்டால் 600 மீற்றர் வரை தாழ்நிலத் தேயிலை, அதிலிருந்து 1,200 மீற்றர் வரை இடைநிலத் தேயிலை, அதற்கு மேல் உயர்நிலத் தேயிலை எனத் தம் பெற்றோர் பறிக்கும் கொழுந்தே எண்கோட்டில் இடம்பெறுவதைப் பிள்ளை காணும். பூச்சியத்துக்குக் கீழுள்ளவற்றுக்கு வெப்பமானி உண்டு. தை, மாசி மாதங்களில் நுவரெலியாவிலே உறைபனி படிந்து தளிர் கருகும் விடியற்காலையை அறிந்த பிள்ளைக்கு, −3 பாகை −1 பாகையிலும் குளிர் மிகுந்தது என்பதை இருமுறை சொல்ல வேண்டியதில்லை.

மறை எண்களைக் கடனாகவும் நேர் எண்களைச் செல்வமாகவும் கொண்டு விதிகள் வகுத்தவர், 628ஆம் ஆண்டில் தம் நூலை இயற்றிய பிரமகுப்தர். ஆங்கிலேயரான யோன் வாலிசு 1685ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலிலே, ஒருவன் ஐந்து கவடு முன்சென்று எட்டுக் கவடு பின்வாங்கினால் எங்கு நிற்பான் என்னும் கணக்கைக் கோட்டின் மீது காட்டினார். இவ்விரண்டும் எம்மவர்க்கு ஏட்டுச் செய்திகள் அல்ல. கங்காணியிடம் பெற்ற வழிச்செலவுப் பணத்துக்காகக் கடன் சுமந்து தோட்டத்தில் கால்வைத்த எம் முன்னோர் பலரின் வாழ்வு பூச்சியத்துக்குக் கீழேயே தொடங்கியது. அக்கடனைக் காட்டித் தொழிலாளரைக் கைமாற்றிய 'துண்டு' முறை 1921ஆம் ஆண்டில் ஒழிக்கப்பட்டது. உழைத்து முன்னேறியும் பூச்சியத்தை எட்டாத பாட்டனின் கதையைக் கேட்ட பிள்ளை, −7இலும் −3 பெரிது என்பதை ஒருபோதும் மறவாது.

இனி, மட்டந்தட்டலைப் பார்ப்போம். இச்சொல்லும் பிள்ளையை இடர்ப்படுத்துகின்றது. மட்டந்தட்டுதல் என்றால் வழக்கிலே ஒருவரைத் தாழ்த்திப் பேசுதல். எனவே எண்ணைக் குறைப்பதே மட்டந்தட்டல் எனச் சிறுவர் கொள்கின்றனர். நாம் மட்டக்கம்பை நினைவூட்டுவோம். கொழுந்து பறிப்போர் செடியின் மேலே கிடத்தும் அக்கம்பு, செடியின் மேற்பரப்பை ஒருசீராக வைப்பதற்கு, செடியைச் சிறுமைப்படுத்துவதற்கன்று. எண்ணையும் அவ்வாறே அதற்குக் கிட்டிய பத்துக்கோ நூறுக்கோ கொண்டு செல்கின்றோம். அது மேலும் செல்லும், கீழும் செல்லும்.

பிதுருதலாகலையின் உயரம் 2,524 மீற்றர். சிவனொளிபாத மலையின் உயரம் 2,243 மீற்றர். கிட்டிய நூறுக்கு மட்டந்தட்டினால் 2,500, 2,200 ஆகும், இரண்டுமே கீழிறங்கின. கிட்டிய ஆயிரத்துக்கோ 3,000, 2,000 ஆகும். உண்மையில் 281 மீற்றராக இருந்த வேற்றுமை 1,000 மீற்றராகி விட்டது! மட்டந்தட்டல் பயனுள்ள கருவியேனும், எந்த அளவுக்குத் தட்டுகின்றோம் என்பதை அறியாது தட்டினால் உண்மை திரியும்.

இதனைக் கற்பித்த நாளொன்றில் மாணவி ஒருத்தி எழுந்து, "சேர், அப்படியென்றால் அம்மாவின் கொழுந்தை மட்டும் ஏன் எந்நாளும் கீழேயே மட்டந்தட்டுகிறார்கள்?" என்று வினவினாள். அவள் தாய் வேலை செய்யும் தோட்டத்தின் மடுவத்திலே முழுக் கிலோவை மட்டும் எழுதி, மிச்சத்தை விட்டுவிடுவது வழக்கமாம். நாம் சற்று வாயடைத்து நின்றோம். பின்னர் அவ்வினாவையே அன்றைய பாடமாக்கினோம்.

மேலும் கீழும் செல்லும் மட்டந்தட்டலிலே இன்று இழந்தது நாளை ஈடாகும். மிச்சத்தை எந்நாளும் வெட்டிவிடுவதிலே ஈடு என்பதே இல்லை. நாளொன்றுக்கு மூன்று நிறுவை, நிறுவைக்கு அரைக் கிலோ எனக் கொள்க. இருபது நாளில் 30 கிலோ மறைந்துவிடும். 18 கிலோவுக்கு ஒரு முழுப்பேர் என விதித்த இடத்தில் அஃது ஒன்றரை நாள் உழைப்பிலும் மிகுதி. அவ்விதியின் கீழ் 17 கிலோ பறித்தவளுக்கு அரைப்பேர் இட்டால் அதன் பொருள் யாது? எண்கோட்டிலே 17, 18க்கு ஒரு கிலோ தொலைவில் நிற்கின்றது. 18இன் பாதியாகிய 9க்கோ எட்டுக் கிலோ தொலைவில் நிற்கின்றது. கிட்டியதை விட்டு எட்டியதற்குத் தள்ளுவது மட்டந்தட்டலும் அன்று, கணக்கும் அன்று.

சாக்கின் நிறையையும் ஈரத்தையும் கழிக்க வேண்டாவோ எனச் சிலர் கேட்பர். கழிக்கத்தான் வேண்டும், அளந்து கழிக்க வேண்டும். எல்லை ஒன்றின்றி நிருவாகம் நடவாது என்பர். எல்லை இருக்கட்டும், எல்லைக்குச் சற்றே குறைந்தவளுக்குக் குறைந்த கிலோவின் அளவே குறைவு செய்யலாமே!

ஆகவே நாம் வேண்டுவன மூன்று. ஒவ்வொரு தோட்டப் பாடசாலையின் சுவரிலும் பூச்சியத்துக்கு மேலும் கீழும் செல்லும் நிமிர்ந்த எண்கோடு ஒன்று வரையப்படுதல் வேண்டும். வெப்பமானியும் சிறு தராசும் பிள்ளைகளின் கைக்கு எட்டுதல் வேண்டும். மட்டந்தட்டலைக் கற்பிக்கும் ஆசிரியர், தட்டுபவர் யார், எப்பக்கம் தட்டுகின்றார், இழப்பவர் யார் என்னும் வினாக்களையும் சேர்த்தே கற்பித்தல் வேண்டும். முதலிரண்டும் பொருட்செலவு சிறிதே வேண்டுவன. பழைய மாணவர் சங்கத்தார் மனம்வைத்தால் ஓராண்டில் முடியும். மூன்றாவதற்குச் செலவே இல்லை. ஆசிரியருக்குத் துணிவு வேண்டும்.

அம்மாணவி இன்று தாயின் நிறுவைகளைக் கொப்பி ஒன்றிலே நாள்தோறும் பதிந்து வருகின்றாள். மிச்சத்தையும் விடாமல் எழுதுகின்றாள். எண்ணும் எழுத்தும் கண்ணாவது இவ்வாறே என்பது எமது துணிபு.