மாத்தளையிலிருந்து கேட்கையில்: பெயர் யாருக்கு, பணம் யாருக்கு?

சினிமாவைச் சாராமல் வெளிவரும் தமிழ் ஹிப்ஹொப், சோல் பாடல்கள் இப்போது இரத்தோட்டை, எல்கடுவைப் பக்கத் தோட்டங்கள் வரை வந்து சேர்ந்துவிட்டன. இடையில் கசெட் கம்பனியும் இல்லை, வானொலி நிலையமும் இல்லை. கையில் ஒரு போனும் டேட்டாவும் இருந்தால் போதும். ரொறன்ரோவில் நேற்று வெளியான பாடலை இன்று லயத்து வாசலில் இருந்து கேட்கலாம். இதைப் பலரும் கலையின் விடுதலை என்கிறார்கள். கேட்பவர்களுக்கு அது உண்மைதான். பாடுபவர்களுக்கும் உண்மையா என்பதே என் கேள்வி.

இந்தக் கேள்விக்கு ‘எஞ்சாய் எஞ்சாமி’யை விடப் பொருத்தமான உதாரணம் இல்லை. 2021 மார்ச்சில் வெளியான அந்தப் பாடல் எந்தப் படத்திலும் இடம்பெறவில்லை. ஆனாலும் யூடியூப்பில் கோடிக்கணக்கான தடவைகள் பார்க்கப்பட்டது. பாடலை எழுதி, தீயுடன் சேர்ந்து பாடியவர் அறிவு. அவருடைய பாட்டி வள்ளியம்மாள் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்து, பின்னர் இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டவர். அவருடைய வாழ்க்கையே பாடலின் அடித்தளம். தீ ஈழத்தமிழ் வேர்களைக் கொண்டவர். பாடலை வெளியிட்ட ‘மாஜா’ கனடாவில் வாழும் தமிழர்கள் தொடங்கியது. சுயாதீனக் கலைஞர்களுக்கான மேடை என்று அது அறிமுகமானது. ஏ.ஆர். ரஹ்மானின் ஆதரவும் அதற்கு இருந்தது.

மாத்தளையில் இருந்து கேட்கும்போது இது அயலான் கதை அல்ல. தென்னிந்தியாவிலிருந்து தோணியில் வந்து மன்னார்க் கரையில் இறங்கியவர்கள், காட்டு வழியே நடந்து மலையகத்துக்குள் நுழைந்த வாசல் மாத்தளை. அந்த வருகையின் 200 ஆண்டுகளை நினைவுகூர்ந்து, 2023 ஜூலை 28 அன்று தலைமன்னாரில் தொடங்கிய நடைபயணம் ஓகஸ்ட் 12 அன்று இங்கேதான் முடிந்தது. 1964 ஒக்டோபரில் கையெழுத்தான சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பவும், 300,000 பேருக்கு இலங்கைக் குடியுரிமை வழங்கவும் முடிவு செய்தது. சம்பந்தப்பட்ட மக்களை யாரும் கேட்கவில்லை. 1977, 1983 வன்முறைகளுக்குப் பிறகு மலையகத்திலிருந்து வன்னிக்குப் போனவர்கள் இன்னொரு பகுதியினர். கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் இறுதிப் போரின் முழுச் சுமையையும் அவர்களும் சுமந்தார்கள். எனவே அந்தப் பாடல் தோட்டத்து லயத்துக்கு எவ்வளவு நெருக்கமோ, வன்னியின் மீள்குடியேற்றக் கிராமத்துக்கும் அவ்வளவு நெருக்கம்.

ஆனால் அந்தப் பாடலுக்குப் பிறகு நடந்தவற்றைப் பாருங்கள். 2021 ஓகஸ்டில் ‘ரோலிங் ஸ்டோன் இந்தியா’ இதழின் அட்டையில் தீயும், யாழ்ப்பாணத்தில் பிறந்து கனடாவில் வளர்ந்த ராப் கலைஞர் ஷோன் வின்சென்ட் டி போலும் இருந்தார்கள். அறிவு இல்லை. இயக்குநர் பா. ரஞ்சித் பகிரங்கமாகக் கேள்வி எழுப்பினார். பின்னர் அறிவை வைத்து இணைய அட்டை ஒன்று வெளியானது. 2022 ஜூலையில் சென்னையில் நடந்த செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அதே பாடல் அறிவு இல்லாமல் மேடையேறியது. தன் உழைப்பு மறைக்கப்படுவதாக அறிவு எழுதினார். அது கூட்டு உழைப்பு என்று தீயும், இசைத் தயாரிப்பாளர் சந்தோஷ் நாராயணனும் பதில் சொன்னார்கள். 2024 மார்ச்சில், மூன்று ஆண்டுகளாகியும் அந்தப் பாடலால் தங்களுக்கு வருமானம் எதுவும் வரவில்லை என்று சந்தோஷ் நாராயணனே அறிவித்தார். மாஜாவும் தன் தரப்பு விளக்கத்தை வெளியிட்டது.

யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புச் சொல்வது என் வேலை அல்ல. உலகமே கேட்ட ஒரு பாடலுக்கே பெயரும் பணமும் இவ்வளவு சிக்கலானால், எல்கடுவையில் ஒரு பழைய போனில் ராப் பதிவு செய்யும் பையனின் கதி என்ன என்பதே நாம் யோசிக்க வேண்டியது.

இந்த இசைகளின் வரலாறே இப்படித்தான். கறுப்பின மக்களின் தேவாலயப் பாடல்களிலிருந்து சோல் பிறந்தது. 1973 ஓகஸ்ட் 11 அன்று நியூயோர்க்கின் பிரொங்ஸ் பகுதியில் டீஜே கூல் ஹேர்க் இசைத்தட்டுகளைச் சுழற்றிய ஒரு வீட்டு விருந்தை ஹிப்ஹொப்பின் பிறப்பு என்கிறார்கள். 1969இல் ‘த வின்ஸ்டன்ஸ்’ என்ற சோல் குழு வெளியிட்ட பாடலொன்றில் கிரெகரி கோல்மன் வாசித்த சில விநாடி டிரம்ஸ், பிறகு ஆயிரக்கணக்கான பாடல்களில் வெட்டி ஒட்டப்பட்டது. கோல்மனுக்கு அதிலிருந்து ஒரு சதமும் கிடைக்கவில்லை. 2006இல் வீடற்றவராக இறந்தார்.

நமது மலைகளிலும் இதே நிலைதான். சி.வி. வேலுப்பிள்ளை மலைநாட்டு மக்களின் பாடல்களைத் தேடித் தொகுத்திராவிட்டால் பல பாடல்கள் அழிந்திருக்கும். ஆனால் கொழுந்து பறித்தபடியும், ஒப்பாரி வைத்தபடியும் அவற்றைக் கட்டிய பெண்களின் பெயர்கள் நம்மிடம் இல்லை. மாறாக, கோ. நடேசய்யரின் துணைவியார் மீனாட்சியம்மாள் தொழிலாளர் கூட்டங்களில் பாடியதோடு, தன் பாடல்களைச் சிறு நூலாகவும் வெளியிட்டார். அட்டையில் அவர் பெயர் இருந்தது. அதனால்தான் இன்றும் அவரைப் பற்றிப் பேச முடிகிறது. மலையகத்தின் முதல் சுயாதீன வெளியீடுகளில் அதையும் சேர்த்துச் சொல்வேன்.

இன்றைய கலைஞருக்குப் பதிவேற்றுவது எளிது, சம்பாதிப்பது எளிதல்ல. ஸ்பொட்டிஃபை 2021இல் இலங்கைக்கு வந்தது. 2024 முதல், பன்னிரண்டு மாதங்களில் 1,000 தடவையாவது கேட்கப்படாத பாடலுக்கு அது பணம் தருவதில்லை. யூடியூப்பில் விளம்பர வருமானம் பெற 1,000 சந்தாதாரர்களும், ஓராண்டில் 4,000 மணிநேரப் பார்வையும் வேண்டும். அல்லது 90 நாட்களில் குறுங்காணொளிகளுக்கு ஒரு கோடிப் பார்வைகள் வேண்டும். ரசிகர்கள் கலைஞரிடமே நேரடியாகப் பாடலை வாங்கக்கூடிய தளம் பாண்ட்கேம்ப். இணையவழி விற்பனையில் 15 சதவீதத்தை எடுத்துக்கொண்டு, மீதியில் பெரும்பகுதியை அது கலைஞருக்குத் தருகிறது. ஆனால் அந்தப் பணம் பேபால் வழியாகவே வருகிறது. இலங்கையிலிருந்து பேபாலில் பணம் அனுப்பலாம், பெற முடியாது என்பதே நீண்டகால நிலைமை. தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 2024 செப்டெம்பரில்தான் 1,350 ரூபாவானது. அந்த வீட்டுப் பிள்ளை ஒலிப்பதிவுக் கூடத்துக்குக் கொடுக்கும் பணம் எத்தனை நாள் கொழுந்துக்குச் சமம் என்று நீங்களே கணக்குப் பாருங்கள்.

இன்னொரு தடையும் உண்டு. போர்க்காலத்தில் பெயரை மறைப்பது நம்மைக் காத்தது. அந்தப் பயம் இன்னும் போகவில்லை. மன்னாரைச் சேர்ந்த கவிஞர் அஹ்னாப் ஜஸீம் தன் ‘நவரசம்’ கவிதைத் தொகுப்பின் பேரில் 2020 மே மாதம் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் கைதானார். 2021 டிசெம்பரில்தான் பிணை கிடைத்தது. 2023 டிசெம்பரில் நீதிமன்றம் அவரை விடுவித்தது. காணாமல் ஆக்கப்பட்டோரைப் பற்றியோ காணியைப் பற்றியோ பாடும் இளைஞர் புனைபெயரில் ஒளிந்துகொண்டால் அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் பெயர் இல்லாத பாடலை எவரும் எடுத்துத் தனதாக்கிக்கொள்ளலாம் என்பதையும் அவர் தெரிந்திருக்க வேண்டும்.

சட்டம் ஓரளவு துணை நிற்கிறது. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி, படைத்த கணத்திலேயே பதிப்புரிமை பிறக்கிறது, பதிவு தேவையில்லை. படைப்பில் தன் பெயர் இடம்பெற வேண்டும் என்று கோரும் உரிமையும் அதில் உண்டு. மேடையில் புனைபெயர் இருக்கட்டும். ஆனால் பாட்டெழுதியவர், மெட்டமைத்தவர், இசை செய்தவர் யார், யாருக்கு எத்தனை வீதம் என்பதை வெளியிடுவதற்கு முன் ஒரு தாளில் எழுதி எல்லோரும் கையெழுத்திடுங்கள். நண்பர்களுக்குள் இது எதற்கு என்று கூச்சப்பட வேண்டாம். பாடல் பிரபலமான பிறகு அந்தப் பேச்சை எடுப்பது இதைவிடக் கடினம்.

கேட்பவர்களாகிய நமக்கும் பொறுப்பு இருக்கிறது. தளங்கள் ஏற்கெனவே ஓடுகிற பாடலையே மேலும் தள்ளிவிடுகின்றன. புதியவரை நாம்தான் தேடிப் போக வேண்டும். ஒரு பாடல் பிடித்தால் அதன் கீழே உள்ள பெயர்களை வாசியுங்கள், அந்தப் பெயர்களைத் தனித்தனியே தேடுங்கள். அடுத்த கலைஞர் அங்கேதான் கிடைப்பார். பாடல் கோப்பை வட்ஸ்அப்பில் அனுப்பாமல் இணைப்பை அனுப்புங்கள். கோப்பாகப் போகும் பாடல் எந்தக் கணக்கிலும் ஏறாது. 1,000 என்ற அந்தக் கோட்டைத் தாண்ட ஒவ்வொரு கேட்பும் தேவை. வெளிநாட்டில் உள்ள உறவுகள் ஊர்க் கோவில் திருவிழாவுக்கு அனுப்பும் பணத்தில் ஒரு சிறு பங்கை ஒரு இளைஞரின் ஒலிப்பதிவுக்கு அனுப்பலாம். வங்கிக் கணக்குக்கு நேராக அனுப்பினால் பேபாலும் தேவையில்லை.

சுயாதீன இசை என்பது சினிமா கம்பனி இல்லாத இசை மட்டும் அல்ல. பாடியவரின் பெயர் பாடலோடு நிற்க வேண்டும், பணத்தில் நியாயமான பங்கு அவர் வீட்டுக்குப் போக வேண்டும். நம் பாட்டிகளின் உழைப்பு பெயரில்லாமல் தேயிலைப் பெட்டிகளில் ஏறிக் கப்பலில் போனது. பேரப்பிள்ளைகளின் குரலும் அப்படிப் போக நாம் விடக்கூடாது.