கொழுந்துக்குத் தட்டு, ஆளுக்குப் படி?

கொழுந்து நசுங்கினால் சூடேறும், தேயிலையின் தரம் விழும். அதனால்தான் சில கொழுந்து லொறிகளில் சாக்குகளை அமுக்காமல் வைக்கத் தட்டு அடித்திருக்கிறார்கள். அதே லொறியில் மலைக்குப் போற அம்மாமாருக்கு ஏற ஒரு படி இல்லை, பிடிக்க ஒரு கம்பி இல்லை.

இது செய்ய முடியாத வேலையா? 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். அதற்குப் பிறகு பழைய லொறிகளை ஓட வைத்தது நம்ம ஊர் கராஜ்களும் வெல்டிங் கடைகளும்தான். மடக்குப் படி ஒன்றை நாங்களே வரையலாம். தகட்டைக் கொழும்பில் லேசரில் வெட்டி எடுத்து, பதுளையிலோ பண்டாரவளையிலோ வெல்ட் பண்ணலாம்.

ஒன்று மட்டும் கவனம். வெட்டுற மெஷினுக்குச் சேறும் தெரியாது, ஈரக்காலும் தெரியாது. வரைஞ்சதை அப்படியே வெட்டும். அதனால் முதலில் பலகையில் ஒரு மாதிரி செய்து, ஏறுகிறவர்களிடமே கேட்போம்: உயரம் சரியா, வழுக்குதா, கை எங்கே பிடிக்குது?

சாமான் லொறியில் ஆள் ஏத்துறதே பிழை. எங்களுக்கு வேண்டியது பஸ். அதைக் கேட்பதை நிறுத்த மாட்டோம். ஆனால் நாளைக் காலையும் அந்த லொறிதான் வரும். பஸ் வரும்வரை யாரும் விழக்கூடாது.