கையெழுத்துச் சபைகள்

மதுரையில் சங்கங்களுக்குப் பஞ்சமே கிடையாது. படிப்பகம், இசைச் சபை, அனாதை விடுதி, முதியோர் இல்லம் என்று வீதிக்கு ஒன்று உண்டு. ஒவ்வொன்றுக்கும் ஒரு நிர்வாக சபை. அதில் தலைவர், உபதலைவர், காரியதரிசி, பொருளாளர் என்று ஒரு டஜன் பெயர்கள். பெயர்கள் அழைப்பிதழில் தவறாமல் வருகின்றன. பெயருக்கு உரியவர்கள்தாம் கூட்டத்துக்கு வருவதில்லை.

வருகிறவர்கள்தாம் என்ன செய்கிறார்கள்? காரியதரிசி வரவு செலவை வாசிக்கிறார், காபி வருகிறது, கையெழுத்து விழுகிறது. "இந்தச் செலவு எதற்கு?" என்று ஒருவர் கேட்டுவிட்டால் போதும். சம்பந்தி வீட்டுச் சாம்பாரில் உப்பில்லை என்று பந்தியில் சொன்னவரைப் போல அவரைப் பார்க்கிறார்கள். "பெரிய மனிதர், அவரையா சந்தேகிப்பது?"

கணக்குக் கேட்பது சந்தேகமல்ல ஐயா, கடமை! அந்தப் பணம் காரியதரிசியுடையதல்ல. உண்டியலில் பத்து ரூபாய் போட்ட பூக்காரியுடையது. உழைக்கும் காரியதரிசியை நான் குறை சொல்லவில்லை. அவரைத் தனியே விட்டுவிட்ட மற்றவர்களைச் சொல்கிறேன். நாளைக்கு ஊர் வாய் அவர்மீது பழி போட்டால், ஒழுங்காகப் பார்க்கப்பட்ட கணக்கைத் தவிர அந்த யோக்கியருக்கு வேறு கவசம் ஏது?

சட்டம் இல்லாமலில்லை. 1975-ஆம் வருஷத்துத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், நிர்வாகக் குழுவினர் பதவிக்கு மூன்று வருஷம் என்று வரம்பு கட்டியிருக்கிறது. வருஷந்தோறும் பொதுக்குழு கூட வேண்டும் என்கிறது. ஆனால் அதே மனிதர் மீண்டும் வருவதற்கு அது தடை சொல்லவில்லை. அந்த ஒரு வாசல் வழியாகவே ஒருவர் முப்பது வருஷம் நுழைந்துகொண்டிருக்கிறார்!

"அவர் போனால் சங்கமே போய்விடும்" என்பார்கள். தமிழ்ச் சங்கம் ரோட்டுக்குப் போய்ப் பாருங்கள். பாண்டித்துரைத் தேவர் 1901-ல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவினார். துணை நின்ற பாஸ்கர சேதுபதி 1903-ல் காலமானார். 1911-ல் தேவரும் மறைந்தார். சங்கம் மறையவில்லை. நூறு வருஷம் தாண்டி, செந்தமிழ்க் கல்லூரியோடு நிற்கிறது. பத்தே வருஷத்தில் தகப்பனை இழந்த பிள்ளை தலையெடுக்கவில்லையா?

ஒருவரை நம்பி நிற்பது சங்கமல்ல, அவருடைய வீட்டுத் திண்ணை. அவர் இருக்கும்போதே அவரைக் கேள்வி கேட்டுப் பழகிய சபைதான், அவர் இல்லாத நாளில் தன் காலில் நிற்கும். கேட்க மனமில்லாத பிரமுகர்கள் தயவு செய்து நாற்காலியைக் காலி செய்யட்டும். அழைப்பிதழில் நாலு வரி குறையும், அச்சுக்கூலியாவது மிச்சம்.