ஒற்றைச் சிறுநீரகத்தோடு வயலில் இறங்கலாமா?

''புற்றுநோய்க்காக என் கணவரின் இடது சிறுநீரகத்தை அகற்றி மூன்று மாதங்கள் ஆகின்றன. 0.9 ஆக இருந்த கிரியேட்டினின் இப்போது 1.4. டயாலிசிஸ் செய்ய வேண்டியிருக்குமா? வயல் வேலைக்குப் போகலாமா?''

- வாசகி, தேனி மாவட்டம்.

பதில்: ''ஒரு சிறுநீரகத்தை எடுத்த பிறகு கிரியேட்டினின் ஓரளவு உயர்வது வழக்கம்தான். மற்றொன்று மெள்ள மெள்ள கூடுதல் வேலையை ஏற்றுக்கொள்ளும். அளவு இதே நிலையில் நின்றுவிட்டால் டயாலிசிஸ் தேவைப்படாது. ஏறிக்கொண்டே போனால், தாமதிக்காமல் சிறுநீரக மருத்துவரைப் பாருங்கள்.

அறுவை செய்த மருத்துவர் சம்மதித்தால் வயலுக்குப் போகலாம். ஆனால், வெயிலில் தண்ணீர் குடிக்காமல் வேலை செய்யக் கூடாது. உடம்பு வலிக்கு மருந்துக்கடையில் கேட்டு, டைக்ளோஃபெனாக் போன்ற மாத்திரைகளைப் போடவே கூடாது. இருக்கிற ஒரு சிறுநீரகத்தையும் அது பாதிக்கும். ரத்த அழுத்தம், சர்க்கரை கட்டுப்பாட்டில் இருக்கட்டும். அறுவடை நேரம் என்று ரத்தம், சிறுநீர்ப் பரிசோதனைகளையும் ஸ்கேனையும் தள்ளிப்போடாதீர்கள்.''